ஒரு கார் எரிந்தால் விபத்து. பல கார்கள் எரிந்தால்?

நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த கார் தீப்பிடித்து எரிந்தது என்ற செய்தியை நாளிதழ்களில் அவ்வப்போது காண்கிறோம். "மின்கசிவே காரணம் எனக் கூறப்படுகிறது" என்ற வரியோடு செய்தி முடிந்துவிடும். உரிமையாளரின் அலைச்சலோ அதன் பிறகுதான் தொடங்குகிறது. காப்பீட்டு நிறுவனம், விற்பனை நிலையம், தயாரிப்பு நிறுவனம், காவல் நிலையம் எனப் பல வாசல்களை அவர் ஏறி இறங்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால், இல்லாத காருக்கு மாதத் தவணையும் செலுத்தி வரவேண்டும்.

அவருடைய காரில் இருந்தது உற்பத்திக் குறைபாடா, பராமரிப்புக் குறைபாடா என்பதைத் தனியொருவராக நிறுவுவது மிகக் கடினம். காரின் வடிவமைப்பு ஆவணங்களும் சோதனை முடிவுகளும் தயாரிப்பாளரிடம்தான் இருக்கின்றன. உரிமையாளரிடம் இருப்பது கருகிய இரும்புக்கூடு மட்டுமே. ஆனால் அதே மாடலில், அதே பாகத்தில், அதே விதமாகத் தீப்பிடித்த கார்கள் இருபதோ முப்பதோ உண்டு என்று தெரியவந்தால் நிலைமை மாறிவிடுகிறது. தனித்து நின்றால் விபத்தாகத் தோன்றும் நிகழ்வு, பல நிகழ்வுகளோடு வரிசையில் நிற்கும்போது சான்றாகிறது. கார் உரிமையாளர்கள் கூட்டாகச் சட்ட நடவடிக்கை எடுப்பதன் பொருள் இதுதான். வெளிநாடுகளில் இது எவ்வாறு நடந்தது, நம் நாட்டுச் சட்டம் என்ன வழி தருகிறது, கடனில் கார் வாங்கியவர் எதில் கவனமாக இருக்கவேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கார் ஏன் தீப்பிடிக்கிறது?

தீ எரிய எரிபொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் வேண்டும். காரின் முன்மூடிக்குள் இம்மூன்றும் எப்போதும் அருகருகே இருக்கின்றன. பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் ஆகியவை எரியக்கூடியவை. புகைபோக்கிக் குழாயின் வெப்பம் பல நூறு டிகிரி வரை உயரக்கூடும். பேட்டரியிலிருந்து வரும் மின்கம்பிகளில் உராய்வோ ஈரமோ ஏற்பட்டால் பொறி எழும். இவை ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைப்பதே வடிவமைப்பாளரின் கடமை. ஒரு குழாய் கசிந்தாலோ, ஒரு ஃபியூஸ் தன் வேலையைச் செய்யத் தவறினாலோ அந்தப் பிரிவினை குலைந்துவிடுகிறது.

நிறுத்தி வைக்கப்பட்ட கார் எப்படித் தீப்பிடிக்கும் என்று பலர் ஐயுறுவதுண்டு. சாவியை எடுத்த பின்னும் சில பாகங்களுக்கு மின்சாரம் சென்றுகொண்டே இருக்கும். 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ 34 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தன. பிரேக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் திரவம் கசிந்து மின்சுற்றில் கோளாறு ஏற்படலாம், இன்ஜின் ஓடாதபோதும் தீப்பிடிக்கலாம் என்பதே காரணம். பழுது நீக்கப்படும் வரை காரை வீட்டிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் நிறுத்துமாறு உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. எனவே நின்றிருந்த கார் எரிந்தது என்பதாலேயே அதை யாரோ வைத்த தீ என்றோ, உரிமையாளரின் கவனக்குறைவு என்றோ முடிவு கட்டிவிட முடியாது.

பிரிட்டன்: பழி யார் மீது?

பிரிட்டனில் வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் ஸஃபீரா பி என்ற குடும்பக் கார் பரவலாக விற்பனையானது. ஏழு பேர் அமரக்கூடியது என்பதால் குழந்தைகள் உள்ள வீடுகளில் அதற்கு வரவேற்பு இருந்தது. அந்தக் கார்களில் பல, முன்பலகைப் பகுதியில் தொடங்கிய தீயால் எரிந்தன. உரிமையாளர்கள் சமூக ஊடகத்தில் ஒருவரையொருவர் கண்டறிந்து, படங்களையும் விவரங்களையும் ஒப்பிட்ட பிறகே இது பொதுவான சிக்கல் என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

காருக்குள் வெப்பக்காற்றைத் தரும் விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடைப் பாகமே சிக்கலின் மையம். விசிறி மோட்டார் ஈரத்தாலும் துருவாலும் இறுகிப்போனால் அது இழுக்கும் மின்னோட்டம் கூடும். மின்தடைப் பாகம் அளவுக்கு மீறிச் சூடாகும். அந்நிலையில் வெப்ப ஃபியூஸ் அறுந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். வெளியிடங்களில் அந்தப் ஃபியூஸை முறையற்ற வகையில் பழுதுபார்த்ததே தீக்குக் காரணம் என்று நிறுவனம் முதலில் கூறியது. 2015 இறுதியில் 2,34,938 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. சரிசெய்யப்பட்ட கார்களிலும் தீப்பிடித்ததால் 2016-இல் இரண்டாம் முறையாகத் திரும்ப அழைக்க நேர்ந்தது. நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு நிறுவன அதிகாரிகளை அழைத்து விசாரித்தது. நடவடிக்கையில் காட்டிய தாமதத்தையும், பழியை வெளிப் பழுதுபார்ப்பின் மீது போட்டதையும் 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் அக்குழு கடுமையாகக் கண்டித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தயாரிப்பாளரின் முதல் வாதம். தீப்பிடித்த கார் பற்றிய தகராறு எந்த நாட்டில் எழுந்தாலும் "வெளியில் பழுதுபார்த்தீர்கள், கூடுதல் பாகம் பொருத்தினீர்கள்" என்ற பதில் முதலில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம், அல்லாமலும் இருக்கலாம். ஒரே ஒரு கார் எரிந்திருந்தால் அந்த வாதத்தை மறுப்பது எளிதன்று. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு பணிமனைகளில் பராமரிக்கப்பட்ட பல கார்கள் ஒரே இடத்தில் எரிந்திருந்தால் அந்த வாதம் வலுவிழக்கிறது.

தென் கொரியா: நிறுத்த இடமில்லாத கார்கள்

2018-ஆம் ஆண்டு கோடையில் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. ஆகஸ்ட் மாதத்துக்குள் அந்த எண்ணிக்கை நாற்பதை நெருங்கியது. அவற்றுள் 520டி என்ற டீசல் மாடலே மிகுதி. புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் இன்ஜினுக்குள் செலுத்தும் அமைப்பில் குளிர்விப்பான் கசிந்தது. கசிந்த திரவம் கரியோடும் எண்ணெயோடும் சேர்ந்து படிந்தது. மிகச் சூடான புகை பட்டபோது அந்தப் படிவு கனன்று, இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் பகுதியை உருக்கித் தீயாக மாறியது.

நிறுவனம் 42 மாடல்களைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. சோதனைக்கு உட்படாத கார்களைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று அரசு ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. சில வாகன நிறுத்துமிடங்கள் அந்தக் கார்களை உள்ளே அனுமதிக்க மறுத்தன. தீப்பிடிக்காத காரின் உரிமையாளருக்கும் இழப்பு உண்டு என்பது அப்போது தெளிவாயிற்று. அவருடைய கார் எரியவில்லை. ஆனால் அதன் மறுவிற்பனை மதிப்பு எரிந்துபோனது. உரிமையாளர்கள் பல குழுக்களாகச் சேர்ந்து சியோல் நீதிமன்றத்தை அணுகினர். நிறுவனம் குறைபாட்டை முன்பே அறிந்திருந்தும் மறைத்தது என்று அவ்வாண்டு டிசம்பரில் அரசின் விசாரணைக் குழு அறிவித்தது. நிறுவனத்துக்கு 1,120 கோடி வான் அபராதம் விதிக்கப்பட்டது.

நம் நாட்டில்

இந்தியாவில் 2009-இல் சந்தைக்கு வந்த டாடா நானோ கார்களில் சில தீப்பிடித்தது நினைவிருக்கலாம். 2010 மார்ச்சில் மும்பையில் புதிய கார் ஒன்று, விற்பனை நிலையத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் வழியிலேயே எரிந்தது. வடிவமைப்பில் குறை இல்லை என்றே நிறுவனம் கூறிவந்தது. எனினும் அவ்வாண்டு நவம்பரில், அதுவரை விற்ற கார்களின் புகைபோக்கி, மின்சார அமைப்புகளில் கூடுதல் பாதுகாப்புச் சாதனங்களை இலவசமாகப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. அதைத் திரும்ப அழைத்தல் என்று நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது கார்களைத் திரும்பப் பெறுமாறு கட்டாயப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் இல்லை.

2022-ஆம் ஆண்டு மின் ஸ்கூட்டர்கள் தொடர்ந்து தீப்பிடித்தன. அவ்வாண்டு மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். ஏப்ரல் மாதத்தில் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தன. மின்கலப் பாதுகாப்புத் தரங்களும் பின்னர் கடுமையாக்கப்பட்டன.

திரும்பப் பெறச் சொல்லும் சட்டம்

2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரு வாகனத்தின் குறைபாடு ஓட்டுநருக்கோ, பயணிகளுக்கோ, சாலையைப் பயன்படுத்தும் பிறருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ கேடு விளைவிக்கும் எனில், அவ்வகை வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு தயாரிப்பாளருக்கு ஆணையிடலாம். ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். கட்டாயத்தின்பேரில் திரும்பப் பெற நேர்ந்தால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இந்த ஆணைக்கான தூண்டுகோல் உரிமையாளர்களின் புகார்களின் எண்ணிக்கை. ஓராண்டில் எத்தனை வாகனங்கள் விற்றன என்பதைப் பொறுத்து எத்தனை புகார்கள் தேவை என்று விதிகள் வரையறுத்துள்ளன. அதிகம் விற்பனையாகும் கார் மாடலாயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் தேவைப்படும். ஆகவே "நான் ஒருவன் புகார் செய்து என்ன ஆகப்போகிறது" என்ற எண்ணம் இங்குப் பொருந்தாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் இணையதளத்தில் இதற்கெனத் தனிப் பகுதி உள்ளது. அங்குப் பதிவாகாத புகார், பணிமனை மேலாளரிடம் எத்தனை முறை சொல்லப்பட்டிருந்தாலும், கணக்கில் சேராது.

இப்பிரிவின்படி திரும்பப் பெறும் தயாரிப்பாளர் வாகனத்தின் முழு விலையைத் திருப்பித் தரவேண்டும். அல்லது தரத்துக்கு உட்பட்ட வேறு வாகனம் தரவேண்டும். அல்லது பழுதை நீக்கித் தரவேண்டும். விலையைத் திருப்பித் தரும்போது அது ஹைபாதிகேஷன் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது என்று சட்டமே கூறுகிறது. அதாவது கடன் பாக்கி இருந்தால் வங்கிக்குச் சேரவேண்டியது போக எஞ்சியதே உரிமையாளருக்குக் கிடைக்கும்.

இதற்கு இணையாக, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெறவும், விலையைத் திருப்பித் தரவும் ஆணையிடும் அதிகாரம் பெற்றுள்ளது.

பலருக்காக ஒரு புகார்

வணிகவியல் பயின்றவர்களுக்குக் கம்பெனிகள் சட்டத்தின் 245-ஆம் பிரிவு நினைவுக்கு வரலாம். அது பங்குதாரர்களும் வைப்பாளர்களும் கூட்டாக வழக்கிடுவதற்கானது. கார் வாங்கியவருக்கு உதவாது. அவருக்கு உரியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35(1)(சி) பிரிவு. ஒரே நலன் கொண்ட நுகர்வோர் பலர் இருக்கையில், அவர்களுள் ஒருவரோ சிலரோ, ஆணையத்தின் அனுமதியுடன், அனைவர் சார்பாகவும் புகார் தொடுக்கலாம் என்று அது கூறுகிறது.

"ஒரே நலன்" என்பதே இங்கு முக்கியமான சொல். 2016-இல் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் விரிவான அமர்வு, அம்பரீஷ் குமார் சுக்லா வழக்கில் இதை விளக்கியது. இத்தகைய புகாரில் ஒரே குறையுள்ள அனைவருக்கும் பரிகாரம் கேட்கவேண்டும். சிலருக்கு மட்டும் கேட்க முடியாது. 2021 டிசம்பரில் பிரிகேட் எண்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் தெளிவுபடுத்தியது. 1,134 வீடுகள் கொண்ட குடியிருப்பில் 51 வீடுகளை வாங்கிய 91 பேர், எல்லோர் சார்பாகவும் புகார் தொடுத்திருந்தனர். அனைவருடைய நலனும் ஒன்றே என்பதற்கான விவரங்கள் புகாரில் போதிய அளவு இல்லை என்பதால் அதைப் பிரதிநிதித்துவப் புகாராக ஏற்க இயலாது என்று நீதிமன்றம் கூறியது. ஆயினும், அந்த 91 பேரும் தங்களுக்காக மட்டும் சேர்ந்து கூட்டுப் புகாராக அதை நடத்தலாம் என்று வழி விட்டது.

இவை வீட்டு வழக்குகளாயினும் கார் உரிமையாளர்களுக்கும் வழிகாட்டுகின்றன. "இந்த நிறுவனத்தின் கார்கள் தீப்பிடிக்கின்றன" என்ற பொதுக் குற்றச்சாட்டு போதாது. எந்த மாடல், எந்தக் காலத்தில் தயாரானவை, எந்தப் பாகம், என்ன குறை, எத்தனை பேர் பாதிக்கப்பட்டுள்ளனர் என்பவற்றைப் புகாரிலேயே விவரிக்க வேண்டும். ஒருவருடைய கார் மின்கம்பியாலும் மற்றவருடைய கார் எரிபொருள் கசிவாலும் எரிந்திருந்தால் அவர்களுடைய நலன் ஒன்றாகாது. பிரதிநிதித்துவப் புகார் கடினமெனத் தோன்றினால், தெளிவான சான்றுள்ள பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் புகார் தொடுக்கலாம். பதிவுபெற்ற நுகர்வோர் சங்கமும் புகார் தொடுக்க உரிமை பெற்றது.

தனியொருவர் புகார் செய்வதாயின், பொருளுக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், 2 கோடி ரூபாய் வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். அவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால் கட்டணம் இல்லை. 10 லட்சம் ரூபாய் வரை 200 ரூபாய். பலர் சார்பான புகாரில் எல்லோருடைய மதிப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது மேற்சொன்ன 2016 தீர்ப்பின் நிலை. எனவே தலா பத்து லட்சம் ரூபாய் விலையுள்ள நூறு கார்கள் எனில் தேசிய ஆணையத்தையே அணுக நேரிடும். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தொடுக்க வேண்டும். பிறரைத் தேடிச் சேர்ப்பதிலேயே அந்தக் காலம் கழிந்துவிடக் கூடாது.

கடனில் வாங்கிய கார் என்பதால் "நான் நுகர்வோரா?" என்ற ஐயம் வேண்டாம். விலையைத் தவணை முறையில் செலுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டத்தின் வரையறை கூறுகிறது. பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் வாடகைக் கார் உரிமையாளரும் அதில் அடங்குவார்.

எந்த இழப்புக்கு எந்த வழி?

புகார் எழுதும்போது பலர் தடுமாறும் இடம் இது. சட்டம் இழப்பை இரண்டாகப் பார்க்கிறது. காரே நாசமானதற்குரிய பரிகாரம் "பொருளின் குறைபாடு" என்ற தலைப்பில் வரும். பழுது நீக்கம், வேறு கார், விலை திருப்பம், இழப்பீடு ஆகியவற்றை அதன் கீழ் கேட்கலாம். கார் எரிந்ததில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டாலோ, உயிர் போனாலோ, அருகிலிருந்த வீடு சேதமடைந்தாலோ, அது "பொருள் பொறுப்பு" என்ற புதிய அத்தியாயத்தின் கீழ் வரும். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்த அந்த அத்தியாயம் பொருளுக்கே நேர்ந்த சேதத்தைத் தன் வரையறையிலிருந்து விலக்கியுள்ளது. இரண்டு வகை இழப்பும் நேர்ந்திருந்தால் இரண்டையும் தனித்தனியே குறிப்பிட்டுக் கேட்பதே முறை.

கடனும் காப்பீடும்: கணக்கு எப்படி முடியும்?

வாடிக்கையாளர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "கார்தான் எரிந்துவிட்டதே, இனி ஏன் தவணை கட்டவேண்டும்?" என்பதே. கடன் ஒப்பந்தம் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலானது. காரின் தரம் பற்றிய தகராறு வாடிக்கையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையிலானது. இரண்டாவது தீரும்வரை முதலாவது காத்திருப்பதில்லை. தவணையை நிறுத்தினால் வட்டி ஏறும். கடன் மதிப்பெண் சரியும். பல ஆண்டுகள் கழித்து வழக்கில் வென்றாலும் அந்தக் கறை அவ்வளவு எளிதில் மறையாது.

முழுமையான வாகனக் காப்பீட்டில் தீயும் தானே தீப்பிடித்தலும் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குத் தம் கார் எரிந்ததற்கு எதுவும் கிடைக்காது. முழுமையான காப்பீடு இருந்தாலும் கணக்கு எவ்வாறு முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

காரின் விலை 10 லட்சம் ரூபாய். அதில் 9 லட்சம் ரூபாய் கடன். ஏழு ஆண்டுகள், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி. மாதத் தவணை ஏறத்தாழ 14,480 ரூபாய். மூன்று ஆண்டுகள் முடிந்து காப்பீட்டைப் புதுப்பித்த சில நாளில் கார் முற்றிலும் எரிந்துவிடுகிறது. வழக்கமான தேய்மான அட்டவணையின்படி, மூன்று ஆண்டைக் கடந்த காருக்கு 40 சதவீதம் கழிக்கப்படும். எனவே காப்பீட்டு மதிப்பு 6 லட்சம் ரூபாய். 36 தவணைகள் செலுத்திய பின் கடன் பாக்கி ஏறத்தாழ 5,82,000 ரூபாய். ஹைபாதிகேஷன் உள்ளதால் காப்பீட்டுத் தொகை முதலில் வங்கிக்குச் செல்லும். எஞ்சுவது சுமார் 18,000 ரூபாய். அதிலும் பாலிசியின் கட்டாயக் கழிவு போகும். கையிலிருந்து போட்ட ஒரு லட்சமும், தவணைகளாகச் செலுத்திய 5,21,000 ரூபாயும் போக, உரிமையாளருக்குத் திரும்புவது இவ்வளவுதான். வரி, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து 10.5 லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருந்தால், இதே கணக்கில் பாக்கி 6,79,000 ரூபாயாக இருக்கும். அப்போது 79,000 ரூபாயை உரிமையாளர் தம் கையிலிருந்து வங்கிக்குக் கட்டவேண்டும்.

காப்பீடு பெரும்பாலும் வங்கியின் கடனைத்தான் காக்கிறது. குறைபாடுள்ள காரால் உரிமையாளர் இழந்த பணம் தயாரிப்பாளரிடமிருந்தே வரவேண்டும். கூட்டு நடவடிக்கை ஏன் தேவை என்பதற்கு இந்தக் கணக்கே விடை. புதிய கார் வாங்குபவர்கள், முழு இழப்பு நேர்ந்தால் விலைப்பட்டியல் தொகையைத் தரும் கூடுதல் காப்பீட்டை முதல் சில ஆண்டுகளுக்கேனும் எடுத்துக்கொள்வது நல்லது.

இங்கு இன்னொன்றும் உண்டு. இழப்பீடு தரும்போது காப்பீட்டு நிறுவனம் சப்ரோகேஷன் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கும். தயாரிப்பாளர்மீது வழக்கிடும் உரிமையைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அளிப்பது அக்கடிதம். அதைப் படிக்காமல் ஒப்பமிட வேண்டாம். காப்பீட்டில் ஈடாகாத இழப்பைக் கோரும் உரிமை உங்களிடமே இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டறிந்து, தேவையெனில் அதை எழுத்தில் பெறுங்கள்.

தீ அணைந்த பின் செய்யவேண்டியவை

எரிந்த காரே முதன்மையான சான்று. முழு இழப்பு என்று முடிவானதும் அது பழைய இரும்பாக விற்கப்பட்டுவிடும். அதன் பின் எந்த ஆய்வகமும் எதையும் சொல்ல முடியாது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சோதிக்கப் பொருள் இருக்கவேண்டும். ஆகவே பின்வருவனவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

1. தீயணைப்புத் துறையின் அறிக்கையையும், காவல் நிலையத்தில் அளித்த புகாரின் ஒப்புகையையும் பெறுங்கள். தீ எந்த இடத்தில் தொடங்கியது என்று அறிக்கையில் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

2. காரை நகர்த்துவதற்கு முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுங்கள். சேசிஸ் எண் தெரியும்படியான படமும் இருக்கட்டும். நேரில் கண்டவர்களின் பெயர், முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. காப்பீட்டு நிறுவனத்துக்கும், கடன் தந்த வங்கிக் கிளைக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

4. தயாரிப்பு நிறுவனத்துக்குப் பதிவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அறிவிப்பு அனுப்புங்கள். தங்கள் முன்னிலையில் கூட்டு ஆய்வு நடத்த வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை காரின் எஞ்சிய பகுதியை அப்புறப்படுத்த வேண்டாம் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள்.

5. பராமரிப்புப் பட்டியல்கள், ரசீதுகள், காப்பீட்டு ஆய்வாளரின் அறிக்கை ஆகியவற்றின் நகல்களைத் திரட்டி வையுங்கள். கூடுதல் விளக்கு, ஒலிபெருக்கி, கேமரா போன்றவை பொருத்தியிருந்தால் அதன் ரசீதையும் மறைக்காமல் வையுங்கள். எதிர்த்தரப்பு எப்படியும் அதைக் கேட்கும்.

6. வாகன் இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் பதியலாம்.

7. கார் மீண்டும் பயன்படாத நிலையெனில் பதினான்கு நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

8. அதே மாடல் உரிமையாளர்களோடு தொடர்பு ஏற்படும்போது, ஒவ்வொருவரிடமும் ஒரே படிவத்தில் விவரம் பெறுங்கள்: தயாரான மாதம், ஓடிய கிலோமீட்டர், தீ தொடங்கிய இடம், கார் ஓடியதா நின்றதா, கடைசியாகப் பராமரித்த இடமும் நாளும். சினத்தோடு எழுதிய நூறு பதிவுகளைவிட முறையாக நிரப்பிய இருபது படிவங்கள் ஆணையத்தின் முன் எடுபடும்.

கார் இன்னும் எரியாமல் நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு பணி இருக்கிறது. உங்கள் கார் திரும்ப அழைக்கப்பட்டுள்ளதா என்பதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணை இட்டு, ஆண்டுக்கு இருமுறையாவது பாருங்கள். பழைய கார் வாங்கியவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யவேண்டும். ஏனெனில் திரும்ப அழைக்கும் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குத்தான் போயிருக்கும். பெட்ரோல் வாடை, ரப்பர் கருகும் நெடி, அடிக்கடி அறுந்துபோகும் ஃபியூஸ் ஆகியவற்றைச் சிறு தொல்லை என்று விட்டுவிடாமல், பணிமனையின் வேலைச் சீட்டில் எழுதச் செய்து நகல் வாங்குங்கள். பணிமனையில் வாய்மொழியாகச் சொன்னது நினைவில் நிற்காது. சீட்டில் எழுதியது நிற்கும். நாளை அதே நெடியைப் பற்றி வேறோர் ஊரில் வேறொருவர் எழுதச் செய்த சீட்டும் உங்கள் சீட்டும் ஆணையத்தின் மேசையில் அருகருகே வைக்கப்படலாம்.